ஆகஸ்ட் ஃபேரில் மகள் காய்கறி வைக்கிறாள்: பெரிய கத்தரிக்காய்க்கு என்ன உரம்?

எடிசன் கொல்லை | ஏப்ரல் 5

வணக்கம். நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகளுக்கு 10 வயது. பள்ளித் தோழி இருக்கிறாள் என்று இவளும் ஒரு ஃபோர்-எச் கிளப்பில் (பிள்ளைகளுக்கு விவசாயம் போன்றவற்றைச் செய்து பழக வைக்கும் அமைப்பு) சேர்ந்தாள். இப்போது ஆகஸ்ட் மாதக் கவுண்ட்டி ஃபேரில் (நம் ஊர் மாவட்டக் கண்காட்சி மாதிரி), தோட்டக்கலைப் பிரிவில் காய்கறியும் ஒரு தொட்டிச் செடியும் வைத்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். எனக்கும் அவள் அப்பாவுக்கும் இதில் அனுபவம் பூஜ்யம். வீட்டுக்குப் பின்னால் 12-க்கு 16 அடி இடத்தில் ஆண்டுதோறும் கத்தரி, வெண்டை, தக்காளி, மிளகாய், ஒரு சின்னப் பந்தலில் புடலை போடுவோம். கறிவேப்பிலை 4 வருடமாகத் தொட்டியில் இருக்கிறது. குளிர்காலத்தில் ஹால் ஜன்னலோரம், மே வந்தால் வெளியே.

போன வருடம் ஒரு கத்தரிக்காய் முக்கால் கிலோ வந்தது. அதைவிடப் பெரிதாக ஒன்று கொண்டுபோனால் முதல் பரிசு நமக்குத்தான் என்று வீட்டில் பேச்சு. என்ன உரம் போடலாம்? நம் ஊர்க் காய்களை ஏற்றுக்கொள்வார்களா, அல்லது பீன்ஸ், தக்காளி என்று அவர்களுக்குப் பழகியதையே வைக்க வேண்டுமா? பிள்ளைகளை வைத்து யாராவது செய்திருந்தால் சொல்லுங்கள்.

ஒஹையோ பெரியப்பா | ஏப்ரல் 5

முதலில் அந்த முக்கால் கிலோவை மறந்துவிடுங்கள் அம்மா. எல்லா அப்பா அம்மாவும் முதலில் வந்து விழும் குழி அது. நானும் விழுந்தேன்.

என் பிள்ளைகள் இரண்டு பேரும் ஃபோர்-எச்சில் இருந்து வயது தாண்டி வெளியே வந்துவிட்டார்கள். எனக்குத்தான் விட்டு வர மனமில்லை. 11 வருடமாகக் காய்கறி மேசையில் நடுவருக்குப் பக்கத்தில் நின்று அவர் சொல்வதைக் குறித்துக் கொடுக்கும் வேலை பார்க்கிறேன். அவர் பார்க்கும் விதத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். தட்டை உடனே கையில் எடுக்க மாட்டார். குனிந்து, கண்ணை மேசை மட்டத்துக்குக் கொண்டுவந்து, 5 தக்காளியின் தோளையும் (காம்பைச் சுற்றிய மேல்பக்கம்) ஒரே கோட்டில் பார்ப்பார். ஒன்று எழும்பி நின்றாலும் ஒன்று அமுங்கி இருந்தாலும் அங்கேயே தெரிந்துவிடும். அப்புறம் அந்த ஒன்றை மட்டும் எடுத்துத் திருப்புவார். அவர் விரல் எந்தப் பழத்துக்குப் போகிறதோ, அதுதான் பிள்ளைக்கு மதிப்பெண்ணைக் குறைக்கப் போகிற பழம்.

ஆக, கேள்வி பெரிதா சிறிதா என்பது இல்லை. அளவு, நிறம், வடிவம், பழுத்த பக்குவம் நான்கிலும் 5-ம் உடன்பிறந்தவை மாதிரி இருக்க வேண்டும். அந்த ரகம் எந்த அளவில் சமையலுக்குச் சரியோ அந்த அளவு. முக்கால் கிலோ கத்தரியை வெட்டினால் உள்ளே விதை முற்றிப் பழுப்பாக இருக்கும், தோல் மங்கிப் போயிருக்கும். வீட்டில் அதைக் கூட்டு வைத்தால் யார் சாப்பிடுவார்கள்? நடுவரும் அதைத்தான் நினைப்பார். பெரிய காய்க்கு என்று தனியாக எடை போட்டிகள் உண்டு. அலாஸ்காவில் பாமர் ஊரில் 2012-இல் ஒரு முட்டைக்கோஸ் 62 கிலோவைத் தாண்டி உலக சாதனை ஆனது. அது வேறு உலகம்.

விதிப் புத்தகத்தைப் பிள்ளையை வைத்து வாசியுங்கள். தக்காளி 5 என்று போட்டிருந்தால் 5-தான். தாராள மனசோடு 6 வைத்தால் தட்டையே ஒதுக்கிவிடுவார்கள். இந்த எண்ணிக்கை ஊருக்கு ஊர் மாறும், அதனால் என் ஊர்க் கணக்கை உங்களுக்குச் சொல்ல மாட்டேன். தக்காளிக்குக் காம்பு வேண்டுமா வேண்டாமா என்பதும் அப்படித்தான். காம்பு பக்கத்துப் பழத்தைக் குத்தும் என்று பல இடங்களில் எடுத்துவிடச் சொல்வார்கள். கத்தரிக்குக் காம்பும் பச்சைத் தொப்பியும் கட்டாயம் இருக்க வேண்டும், தொப்பி வாடாமல். வெண்டைக்கும் மிளகாய்க்கும் காம்பு. கேரட்டுக்குத் தழையை ஓர் அங்குலம் விட்டு வெட்டுவது வழக்கம். உருளைக்கிழங்கைத் தேய்த்துக் கழுவினால் தோல் உரிந்து பல்லை இளிக்கும். மண் காய்ந்ததும் மெல்லிய பிரஷ்ஷால் தட்டினால் போதும். வெங்காயத்தை உரித்து உரித்துப் பளபளப்பாக்கக் கூடாது. பளபளப்புக்காக எண்ணெய் தடவுகிற புத்திசாலிகளும் வருவார்கள். நடுவர் விரலை மூக்கருகே கொண்டுபோவார், அவ்வளவுதான்.

நம் ஊர்க் காய்களைத் தாராளமாக வைக்கலாம். வெண்டைக்கும் கத்தரிக்கும் பெரும்பாலும் தனி வகுப்பே, அதாவது தனிப் போட்டிப் பிரிவே, இருக்கும். புடலைக்கு 'மற்ற காய்கள்' என்று ஒரு வகுப்பு இருக்கும், அதில் போடுங்கள். ஆனால் பக்கத்தில் ஒரு சின்ன அட்டை வேண்டும்: பெயர், தாவரவியல் பெயர், எந்தப் பக்குவத்தில் சமைப்போம் என்று இரண்டு வரி. புடலையை முன்பின் பார்க்காத நடுவர் எதை வைத்து மதிப்பிடுவார், பாவம்.

விதைப் பொட்டலங்களைத் தூக்கி எறியாதீர்கள். ரகத்தின் பெயரைக் காயோடு வைக்கும் சீட்டில் எழுத வேண்டியிருக்கும். 'தக்காளி' என்று மட்டும் எழுதினால் போதாது. உங்கள் மாநிலத்திலேயே ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் 1934-இல் வெளியிட்ட ரட்கர்ஸ் தக்காளி இருக்கிறது. உருண்டை, சீரான சிவப்பு. முதல் வருடத்துக்குத் தோதான பழம்.

தாமிரபரணிக்காரன் | ஏப்ரல் 6

பெரியப்பா சொன்னது எல்லாம் சரி. ஆனால் இந்த ஃபேர்களில் எல்லாப் பிள்ளைகளுக்கும் நீல ரிப்பன் கொடுத்து அனுப்புகிறார்களே, அது என்ன போட்டி? போன வருடம் என் மகனுடன் 9 பேர் தொட்டிச் செடி வைத்தார்கள். 7 பேருக்கு நீலம். அவனுக்கே சலிப்பு வந்துவிட்டது. நாமெல்லாம் முதல் ரேங்க், இரண்டாம் ரேங்க் என்று அடித்துப் பிடித்து வளர்ந்தவர்கள்.

ஒஹையோ பெரியப்பா | ஏப்ரல் 6

தம்பி, அதற்கு டேனிஷ் முறை என்று பெயர். பிள்ளையைப் பக்கத்துப் பிள்ளையோடு ஒப்பிடுவதில்லை, காயை அந்தக் காய்க்குரிய தரத்தோடு ஒப்பிடுவார்கள். தரத்தை எட்டினால் நீலம், கொஞ்சம் குறைந்தால் சிவப்பு, இன்னும் வேலை இருக்கிறது என்றால் வெள்ளை. 7 செடி நன்றாக இருந்தால் 7 நீலம், ஒன்றும் தேறாவிட்டால் நீலமே கிடையாது. அந்த இரண்டாவது கதையையும் நான் பார்த்திருக்கிறேன், அன்று மேசைப் பக்கம் ஒரே அழுகை. நீலங்களுக்குள் சிறந்ததைப் பொறுக்கி ரோசெட் என்று பூ மாதிரி மடித்த ஒரு பெரிய ரிப்பன் கொடுப்பதும் பல இடங்களில் உண்டு. ரேங்க் வேண்டுமானால் அங்கே அடித்துப் பிடிக்கட்டும். பொதுமக்களுக்கான திறந்த பிரிவில் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகக் கொடுக்கும் முறைதான் அதிகம். கிளப்பில் சேராத பிள்ளைகளும் பெரும்பாலும் அந்தப் பிரிவில் வைக்கலாம்.

இதெல்லாம் தொடங்கியது எங்கள் மாநிலத்தில்தான் என்று ஒரு பெருமை எனக்கு. 1902 ஜனவரியில் கிளார்க் கவுண்ட்டியில் ஏ. பி. கிரஹாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர் நீதிமன்றக் கட்டடத்தின் அடித்தளத்தில் பிள்ளைகளைக் கூட்டி மக்காச்சோளமும் காய்கறியும் போட வைத்தார். மண்ணின் புளிப்பை லிட்மஸ் தாளில் பார்க்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஃபோர்-எச் அங்கிருந்து வந்தது. பெரியவர்களுக்குச் சொன்னால் கேட்க மாட்டார்கள், பிள்ளைகள் வழியாகப் புது விவசாயத்தை வீட்டுக்குள் நுழைக்கலாம் என்ற கணக்கும் அப்போது இருந்தது. இன்றும் நிலைமை அதுதான். என் வீட்டில் மண் பரிசோதனைக்கு அனுப்பச் சொன்னது என் மகள்.

ஸ்காபரோ வாழைமரம் | ஏப்ரல் 7

எங்கட கனடாவிலே சிவப்புத்தான் முதலாம் பரிசு, நீலம் இரண்டாவது! அமெரிக்காவிலே இருக்கிற மச்சாள் தன்ர மகனுடைய நீல ரிப்பன் படத்தை அனுப்ப, நான் 'பரவாயில்லை, அடுத்த முறை முதலாவதாக வருவான்' என்று ஆறுதல் எழுதிவிட்டேன். இரண்டு கிழமை கதைக்கவில்லை.

மார்க்கம் ஃபேர் 1844-இல் தொடங்கினது. அது செப்டம்பர் கடைசியோ ஒக்டோபர் தொடக்கமோ வரும். அந்த நேரத்திலே எங்களுக்கு வெண்டியும் பயித்தங்காயும் முடிந்துபோகும், பூசணிக்காய்தான் மிச்சம். உங்களுக்கு ஆகஸ்ட் என்றால் நல்ல காலம். ஆனால் புடலங்காயை நம்பவேண்டாம் தங்கச்சி. எங்கட பக்கம் ஏப்ரலில் வீட்டுக்குள்ளே விதை போட்டு, ஜூனில் வெளியே நட்டாலும், ஆகஸ்ட் நடுப்பகுதியில் பூவும் பிஞ்சுமாகத்தான் நிற்கும். காய்த்தால் நுனியில் கல்லைக் கட்டிவிடுங்கோ. வளைந்து பாம்பு மாதிரிக் கிடந்தால் தட்டிலே வைக்கிற காய்கள் ஒரே மாதிரி வராது.

எடிசன் கொல்லை | ஏப்ரல் 7

கல் கட்டுவது என் மாமியார் வேலை. ஜூனில் திருநெல்வேலியிலிருந்து வருகிறார், 6 மாதம் இருப்பார். வரும்போது விதை கொண்டுவரச் சொல்லட்டுமா?

ஆர்லாண்டோ அத்தை | ஏப்ரல் 8

சொல்லாதே! வெளிநாட்டு விதை கொண்டுவர அங்கிருந்து தாவர நலச் சான்றிதழ் வேண்டும். முந்தானையில் முடிந்து கொண்டுவந்த காலமெல்லாம் போச்சு. விமான நிலையத்தில் மாமியாரை நிற்க வைத்து விசாரித்தால் அதற்கு அப்புறம் 6 மாதமும் உனக்குத்தான் கஷ்டம். இங்கேயே நம் ரகங்களை விற்கும் விதைக் கடைகள் இருக்கின்றன.

இப்போது கறிவேப்பிலை விஷயத்துக்கு வருகிறேன், நான் எழுத வந்ததே அதற்காக. எங்கள் பக்கம் இளைஞர் ஃபேர்கள் பிப்ரவரி, மார்ச்சில் வரும். ஃபுளோரிடாவில் காய்கறிப் பருவமே செப்டம்பரிலிருந்து வசந்தம் வரைதான், ஆகஸ்ட் வெயிலில் தக்காளி பூவை உதிர்த்துவிட்டு நிற்கும். சில வருடங்களுக்கு முன் எங்கள் தெருத் தமிழ்ப் பையன் ஒருவன் 5 அடிக் கறிவேப்பிலையைத் தொட்டியோடு கண்காட்சிக்கு எடுத்துப்போக ஆசைப்பட்டான். நான்தான் தடுத்தேன். அவன் அம்மாவுக்கு என்மேல் இன்னும் கோபம்.

காரணம் ஆசிய சிட்ரஸ் சில்லிட் என்ற பூச்சி. 3 மில்லிமீட்டர்தான் இருக்கும். தலையைத் தாழ்த்திப் பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு சாய்வாக உட்கார்ந்து தளிரில் சாறு குடிக்கும். எலுமிச்சைக் குடும்பம் முழுக்க அதற்குப் பிடிக்கும், கறிவேப்பிலையும் அந்தக் குடும்பம்தானே. 1998-இல் இந்தப் பூச்சி ஃபுளோரிடாவில் தென்பட்டது. 2005-இல் அது சுமந்து பரப்பும் ஹுவாங்லாங்பிங் என்ற நோய் வந்தது. மரம் மஞ்சளித்து, பழம் ஒருபக்கம் கோணிப் பச்சையாகவே நின்று கசக்கும். மருந்து கிடையாது. 2003-04 பருவத்தில் 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு எடுத்த மாநிலம், 2023-24-இல் 2 கோடிப் பெட்டிகூட எடுக்கவில்லை. புயல்களும் சேர்ந்துதான் அடித்தன, ஆனால் முதல் அடி இந்தப் பூச்சியுடையது. ஃபுளோரிடா, டெக்சாஸ், கலிபோர்னியாவில் இருப்பவர்கள் கறிவேப்பிலைக் கன்றையோ கிளையையோ உரிய அனுமதி இல்லாமல் காரில் வைத்து மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோகச் சட்டம் இடம் தராது. உள்ளூருக்குள் என்றாலும் பூச்சிக்காகத் தனிமைப்படுத்திய பகுதியா என்று எக்ஸ்டென்ஷன் அலுவலகத்தில் (ஊர் வேளாண் ஆலோசனை அலுவலகம்) கேட்டுவிட்டுத்தான் தொட்டியைத் தூக்க வேண்டும்.

எடிசன் தங்கச்சி, உன் செடி எங்கே வாங்கியது?

எடிசன் கொல்லை | ஏப்ரல் 8

பக்கத்துத் தெருத் தோழி வீட்டில் விதை போட்டு முளைத்தது அத்தை, ஃபுளோரிடா பக்கமே போனதில்லை. எங்கள் எக்ஸ்டென்ஷன் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போட்டுக் கேட்டேன். இங்கே வளர்ந்த செடி என்றால் தடை இல்லை, ஆனால் பூச்சி ஒன்று இருந்தாலும் கூடாரத்துக்குள் விட மாட்டோம் என்றார்கள்.

ஆர்லாண்டோ அத்தை | ஏப்ரல் 9

அப்படியானால் இன்றே இலையின் அடிப்பக்கம் பார். வீட்டுக்குள் குளிர்காலம் கழித்த கறிவேப்பிலையில் செதில் பூச்சி இல்லாமல் இருக்காது. தண்டோடு ஒட்டிய பழுப்புப் பொட்டு, நகத்தால் கீறினால் வந்துவிடும். இலை பிசுபிசுக்கும். மருந்துக் கடை ஆல்கஹாலில் பஞ்சை நனைத்து ஒவ்வொன்றாகத் துடைக்கட்டும், 10 நாள் விட்டு மறுபடி. இலைக்கு மினுமினுப்பு ஸ்பிரே அடிக்கவே கூடாது, ஈரத்துணி போதும். வாரத்துக்கு ஒருமுறை தொட்டியைக் கால் வட்டம் திருப்பச் சொல். ஜன்னலைப் பார்த்தே வளர்ந்த செடி ஒருபக்கம் சாய்ந்திருக்கும், நடுவர் தொட்டியைச் சுற்றித்தான் வருவார். பழைய பிளாஸ்டிக் தொட்டியின் வெளிப்பக்கத்து உப்புக் கறையையும் தேய்க்க வேண்டும். செடி எத்தனை மாதமாகப் பிள்ளையின் பராமரிப்பில் இருந்தது என்று கேட்பார்கள். இனி தண்ணீர் ஊற்றுவது அவள் வேலை, உன்னுடையது இல்லை.

மூணாவது மாடி முருங்கை | ஏப்ரல் 12

சிகாகோ பக்கம் அடுக்ககம், 4 அடி பால்கனி. மகன் 8 வயது. எங்களுக்கும் ஏதாவது வழி உண்டா?

ஆர்லாண்டோ அத்தை | ஏப்ரல் 12

கற்பூரவல்லி. குச்சியை ஒடித்து நட்டால் வேர் விடும், கொன்றாலும் சாகாது. மூலிகை வகுப்பில் கண்ணாடி ஜாடித் தண்ணீரில் கொத்தாக வைக்கச் சொல்வார்கள், துளசியும் புதினாவும்கூட அப்படி வைக்கலாம். தொட்டிச் செடி என்றால் தொட்டியின் விட்டத்துக்கு வரம்பு இருக்கும், அளந்து வாங்கு.

கோத்தகிரி மூடுபனி | ஏப்ரல் 13

இந்த இழையை ஊரிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் நேரு பூங்காவில் கோடை விழாவுக்குக் காய்கறிக் கண்காட்சி வைப்பார்கள், கேரட்டும் முள்ளங்கியும் அடுக்கி ஆள் உயர உருவங்கள் செய்வார்கள், கூட்டம் அலைமோதும். அங்கே 5 தக்காளிக்காகக் குனிந்து பார்க்க ஓர் ஆள் என்பது எனக்குப் புதுச் செய்தி.

எடிசன் கொல்லை | ஜூன் 22

நிலவரம். பீன்ஸ் காலி. மே கடைசியில் போட்டு அழகாக ஒரு சாண் வந்திருந்தது. ஒரே காலையில் 3 வரிசையையும் கிரவுண்ட்ஹாக் (வளை தோண்டி வாழும் ஒரு கொறிக்கும் விலங்கு) மொட்டை அடித்துவிட்டது. கம்பி வலை கட்டியிருந்தோம், அது அடியில் குழி தோண்டி வந்திருக்கிறது. மகள் இரண்டு நாள் பேசவில்லை. அப்பாவும் மகளும் வலையை ஓர் அடி மண்ணுக்குள் இறக்கி, எல் வடிவில் வெளிப்பக்கம் மடித்துப் புதைத்திருக்கிறார்கள்.

வெண்டை நன்றாக இருக்கிறது. விதையை ஓர் இரவு ஊறவைத்து, மண் சூடேறிய பின் மே கடைசியில் நேராகப் போட்டோம். ரட்கர்ஸ் தக்காளி 4 செடி. மிளகாய் பூத்திருக்கிறது. மாமியார் வந்துவிட்டார், பந்தலைப் பார்த்து 'இது என்ன கொடி, நூல் மாதிரி' என்றார்.

அடடே சாம்பார் | ஜூன் 23

ஒரு சந்தேகம், யாரும் அடிக்க வராதீர்கள். காய் வராமல் போனால் இந்தியக் கடையில் 5 நல்ல வெண்டைக்காய் பொறுக்கி வைத்தால் கண்டுபிடித்துவிடுவார்களா?

ஒஹையோ பெரியப்பா | ஜூன் 23

கண்டுபிடிப்பார்கள். கடை வெள்ளரியில் மெழுகு இருக்கும். கடை வெண்டை காம்பு கருத்து, விளிம்பு உரசிப் பழுப்பேறியிருக்கும், அன்று காலை பறித்ததற்கு இருக்கும் சுணை அதில் இருக்காது. அது போகட்டும். பல இடங்களில் பிள்ளையை நடுவர் எதிரில் உட்காரவைத்துப் பேசுவார்கள். எப்போது விதைத்தாய், என்ன பூச்சி வந்தது, இந்த 5-ஐ ஏன் எடுத்தாய் என்று கேட்பார்கள். கடையில் வாங்கிய காயோடு ஒரு சின்னப் பிள்ளையை அந்த நாற்காலியில் உட்காரவைக்க உங்களுக்கு மனசு வருமா? 'நானே வளர்த்தது' என்று எழுதிய இடத்தில் கையெழுத்துப் போடுவதும் பிள்ளைதான்.

அடடே சாம்பார் | ஜூன் 23

சும்மா கேட்டேன் பெரியப்பா. எங்கள் வீட்டில் கற்பூரவல்லிக்கு மாறிவிட்டோம்.

ஒஹையோ பெரியப்பா | ஜூலை 29

எடிசன் அம்மா, உங்கள் ஃபேர் நெருங்குகிறது. வெண்டைக்கு ஒரு வித்தை சொல்கிறேன். சூட்டில் பூ உதிர்ந்து 4, 5 நாளில் காய் பறிக்கும் பக்குவம் வந்துவிடும், ஒரு நாள் விட்டால் முற்றல். ஒப்படைக்கும் நாளுக்கு 2 நாள் முன்னால் செடியில் இருக்கும் பெரிய காய் எல்லாவற்றையும் பறித்துவிடுங்கள். அன்று சின்ன விரல் அளவில் இருப்பவைதான் அந்தக் காலையில் ஒரே அளவாக வந்து நிற்கும். தக்காளியை லேசாகச் சிவக்கும்போதே 4, 5 நாள் முன்னால் எடுத்து வீட்டுக்குள் வையுங்கள், ஃபிரிட்ஜில் வேண்டாம். வெளியே விட்டால் ஒரு மழைக்கு வெடித்துவிடும். 15 பழத்தை மேசையில் கொட்டி, பிள்ளையையே 5 எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் அந்த அறையில் இருக்காதீர்கள்.

எடிசன் கொல்லை | ஆகஸ்ட் 5, இரவு 10:20

அவசரம். நாளை காலை 11 மணிக்குள் ஒப்படைக்க வேண்டும். இன்று மாலை மகள் 14 வெண்டைக்காய் பறித்து, அளவுகோல் வைத்து அளந்து, ஈரத்துணியில் சுற்றிச் சமையலறை மேடையில் வைத்திருந்தாள். நாங்கள் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தோம். மாமியார் இரவுக் குழம்புக்கு என்று நினைத்து, இளசா முற்றலா பார்க்க ஒவ்வொன்றாக நுனியை ஒடித்திருக்கிறார். 14-இல் 11 போச்சு. சந்தையில் 60 வருடம் ஒடித்த கை, அவரைச் சொல்லிக் குற்றமில்லை. 'எல்லாம் நல்ல இளசும்மா' என்று சந்தோஷமாகச் சொல்கிறார். மகள் மாடியில் அழுகிறாள். 3 காய்தான் முழுசாக இருக்கிறது, வேண்டியது 5.

ஆர்லாண்டோ அத்தை | ஆகஸ்ட் 5, இரவு 10:31

ஐயோ, சிரிக்கக் கூடாதுதான். சிரித்துவிட்டேன்.

ஒஹையோ பெரியப்பா | ஆகஸ்ட் 5, இரவு 10:44

அந்த 3-ஐயும் மறந்துவிடுங்கள். இன்று சின்னது என்று செடியில் விட்டவை இருக்கும் அல்லவா? காலை 6 மணிக்குப் பிள்ளையோடு போங்கள். ஓர் இரவுச் சூட்டுக்கு அவை கொஞ்சமாவது நீண்டிருக்கும். 3 அங்குலம் போதும், 5-ம் ஒத்திருந்தால் சரி. கத்தரிக்கோலால் காம்போடு வெட்டுங்கள், திருகி இழுக்க வேண்டாம். கட்டி வைக்கும்போது சுணை அழியாமல் தாளில் சுற்றுங்கள். அம்மாவைத் திட்டாதீர்கள்.

எடிசன் கொல்லை | ஆகஸ்ட் 10

எல்லாம் முடிந்து, தூங்கி எழுந்து எழுதுகிறேன்.

காலை 6 மணிக்கு டார்ச்சோடு நாங்கள் இறங்குவதற்குள் மாமியார் அங்கே நின்றுகொண்டிருந்தார். அவர்தான் இலைக்கு அடியில் மறைந்திருந்த காய்களைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். 9 கிடைத்தது. மகள் யாரையும் தொடவிடவில்லை. 4 காய் அச்சு வார்த்தது போல 3 அங்குலம். ஐந்தாவது கால் அங்குலம் குட்டை. வேறு வழியில்லை, அதையே வைத்தாள்.

நடுவர் 70 வயது இருக்கும் ஓர் அம்மா. பெரியப்பா சொன்ன மாதிரியே குனிந்து மேசை மட்டத்தில் பார்த்தார், எனக்கு உடம்பு சிலிர்த்தது. நேராக அந்தக் குட்டைக் காய்க்குத்தான் விரல் போனது. 'இது ஏன் இங்கே இருக்கிறது?' என்றார். மகள் ஒன்றும் மறைக்காமல், பாட்டி நுனியை ஒடித்த கதை முழுவதையும் சொன்னாள். அந்த அம்மா நுனியை ஏன் ஒடிக்க வேண்டும் என்று கேட்க, இவள் இளசு என்றால் பட்டென்று ஒடியும், முற்றல் வளையும் என்று செய்து காட்டுவது போல விரலைச் சொடுக்கினாள். அவர் தன் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். வெண்டைக்கு நீலம். சீட்டில் 'ஒன்று சிறியது' என்றும் எழுதியிருந்தது.

தக்காளிக்குச் சிவப்பு. 5-ம் ஒரே அளவுதான். ஆனால் ஒன்றின் தோளில் தோலுக்கு அடியில் வெளிறிய திட்டு. நாவாய்ப்பூச்சி மூக்கைக் குத்திச் சாறு உறிஞ்சிய தழும்பாம், அந்த இடத்தை வெட்டினால் பஞ்சு மாதிரி இருக்கும் என்று விளக்கினார். நாங்கள் அதைப் பழுக்காத இடம் என்று நினைத்திருந்தோம். மிளகாய்க்கு நீலம். கறிவேப்பிலையில் பூச்சி ஒன்றுகூட இல்லை. ஆனால் தொட்டியைத் திருப்பச் சொன்னதை ஜூலையில் 3 வாரம் மறந்துவிட்டோம், செடி ஒருபக்கம் ஏதோ ரகசியம் கேட்பது போலச் சாய்ந்து நின்றது. சிவப்பு. ஓர் இலையைக் கசக்கி முகர்ந்துவிட்டு, கையைக் கீழே இறக்காமலே அடுத்த செடிக்குப் போனார். புடலை பூத்ததோடு சரி, ஸ்காபரோ அக்கா சொன்னதுதான் நடந்தது. கத்தரி வைக்கவில்லை. தெள்ளு வண்டு இலையைச் சல்லடையாக்கி, காய் பிந்திவிட்டது.

தாமிரபரணிக்காரன் | ஆகஸ்ட் 10

மிளகாய் வகுப்பில் மொத்தம் எத்தனை நீலம்?

எடிசன் கொல்லை | ஆகஸ்ட் 10

5 தட்டு, 2 நீலம். போதுமா அண்ணா?

தாமிரபரணிக்காரன் | ஆகஸ்ட் 10

போதும் போதும். பாப்பாவுக்கு வாழ்த்துகள். இந்த வருடம் என் மகனும் தன் செடியைத் திருப்ப மறந்துவிட்டான், வெள்ளை வாங்கி வந்தான். சலிப்பு போய்விட்டது, அடுத்த வருடத்துக்கு இப்போதே தொட்டி தேடுகிறான்.

ஸ்காபரோ வாழைமரம் | ஆகஸ்ட் 11

நீலம் என்றால் எங்கட பக்கம் இரண்டாமிடம்தான், பிள்ளையிடம் சொல்லிவிடாதேங்கோ. காட்சிக்கு வைத்த காய்களைத் திருப்பித் தந்தவையோ?

எடிசன் கொல்லை | ஆகஸ்ட் 11

தந்தார்கள் அக்கா. கூடாரத்துச் சூட்டில் 3 நாள் கிடந்து வெண்டை விளிம்பெல்லாம் கருத்துவிட்டது. ரிப்பனோடு பெட்டியில் போட்டு வைக்கப் போகிறேன் என்று மகள் மேசையில் பரப்பி வைத்திருந்தாள். மாமியார் அந்தப் பக்கம் போனவர், ஒன்றை எடுத்து நுனியை ஒடித்துப் பார்த்து, 'வாடிப்போச்சு, குழம்புக்கு ஆகாது' என்று கீழே வைத்தார்.